மங்கல் என்று சொன்ன படம்

கண்ணாடிக்காரருக்குப் பொறாமை என்பது ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கும். ஆனால் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டாவது தடவை டீ கேட்கிற பொறாமை அதுவரை வந்ததில்லை. அந்தப் பொறாமைக்குச் சகலை என்று பெயர். மனைவியின் தங்கை வீட்டுக்காரர்.

கண்ணாடிக்காரர் ஒரு சின்னக் கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். முதலாளி சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. கண் பரிசோதிப்பது, பவர் எழுதுவது, லென்ஸைப் பிரேமின் அளவுக்கு ராவுவது, மூக்கில் உட்காராத கண்ணாடியைச் சூடு காட்டி வளைப்பது எல்லாம் இவர்தான். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே வரவேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் அது எங்கே கோணலாக இருக்கிறது என்றுதான் அவர் கண் போகும். புது மாப்பிள்ளையைப் பார்த்தால்கூட, "இடது காது கொஞ்சம் எறக்கமா இருக்கு" என்பார்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் பதினோரு வருடமாகக் கடற்கரையில் பறக்கிற பறவைகளைப் படம் பிடிக்கிறார். உட்கார்ந்திருக்கிற பறவையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அவர் கட்சி. பறக்கும்போது எடுக்கவேண்டும். சிறகு நுனி சட்டத்துக்குள் இருக்கவேண்டும். கண் கூர்மையாக இருக்கவேண்டும். இதில் ஆலாப் பறவைதான் ஆளைப் படுத்துகிறது. வெள்ளை உடம்பு, பிளந்த வால், தலையில் கறுப்புத் தொப்பி. அந்தத் தொப்பிக்குள்ளேயே கறுப்புக் கண். வெயில் சரியான பக்கத்திலிருந்து விழுந்தால்தான் கண் இருப்பதே தெரியும். முதல் இரண்டு வருடம் அவர் எடுத்ததெல்லாம் வெறும் வானம். அழகான வானம்தான், ஒரு ஓரத்தில் வால் நுனியோடு.

ஏழு வருடமாக அவர் மனதில் ஒரே ஒரு படம். ஆண் ஆலா மீனைக் கொண்டுவந்து, பறந்துகொண்டே பெண் ஆலாவின் அலகில் கொடுக்கும். எப்போதாவதுதான் நடக்கும், நடந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை மூன்று தடவை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார். படமாக ஒன்றுகூடக் கிடையாது.

"ஆலாப் பறக்கறது அந்தப் பறவையில்ல, நீங்கதான்," என்பாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அலைதடுப்புப் பாறைகள் மேல் கேமராவோடு நிற்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. வருடத்துக்கு ஒருமுறை பொது நூலகத்தில் படங்களை மாட்டுவார்கள். அதில் ஒரே ஒரு படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசல் சுவரில் வைப்பார்கள். கண்ணாடிக்காரரின் படங்கள் வருடாவருடம் கழிப்பறைக்குப் போகிற தாழ்வாரத்தில்தான் மாட்டப்பட்டன. போகிறவர்கள் அவசரத்தில் பார்க்கமாட்டார்கள், வருகிறவர்கள் கையை உதறிக்கொண்டே வருவார்கள். மீன் கொடுக்கிற அந்த ஒரு படம் கிடைத்துவிட்டால் வாசல் சுவர் தனக்குத்தான் என்று அவர் நம்பியிருந்தார்.

அப்போதுதான் சகலை வந்து சேர்ந்தார்.

சகலை ஒரு லிஃப்ட் மெக்கானிக். நல்ல பாரியான உடம்பு. சிரித்தால் அடுத்த வீட்டில் பாத்திரம் அதிரும். வைத்தியர் நடக்கச் சொன்னார் என்று கண்ணாடிக்காரரோடு கடற்கரைக்கு வந்தவர், சும்மா நிற்பானேன் என்று கேமரா வாங்கிவிட்டார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, நடுவில் சட்டென்று கேமராவைத் தூக்கி நாலு தடவை அமுக்குவார். அதில் ஒன்று தேறிவிடும். எப்படி என்று கேட்டால், "லிஃப்ட் எந்த மாடியில நிக்கப்போகுதுன்னு சத்தத்தை வச்சே தெரியும்ணே. அது மாதிரிதான் இதுவும்," என்பார். இதைக் கேட்டு எவனாவது வெறுப்பேறாமல் இருப்பானா?

குழுவின் கைப்பேசிப் பக்கத்தில் சகலை ஒரு படம் போட்டால் நாற்பது பேர் ஆகா ஓகோ என்பார்கள். குழுவில் இருப்பதே பதினைந்து பேர். மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது கண்ணாடிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனைவிகூட ஒருநாள், "தங்கச்சி வீட்டுக்காரர் போட்ட கொக்குப் படம் பாத்தீங்களா? உசிரோட இருக்கு," என்றாள். தன் படங்களைப் பற்றி அவள் அதிகபட்சம் சொன்னது, "ம்" மட்டும்தான். அன்று அவர் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

"அடுத்த வீட்டுக்காரி புள்ள பெத்தான்னு அம்மிக் குழவியை எடுத்து வயித்துல குத்திக்கிட்டாளாம் ஒருத்தி," என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

இதில் கொடுமை என்னவென்றால், சகலையின் படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே கண்ணாடிக்காரர்தான். ஒரு காலையில் ஆயிரம் படம் எடுத்தால் பத்துத் தேறும். மிச்சத்தைக் கழிக்கவேண்டும். குழுவிலேயே ஈவிரக்கமில்லாமல் கழிக்கிறவர் கண்ணாடிக்காரர். சகலைக்கோ ஒன்றைக்கூட அழிக்க மனது வராது. பறவையின் பின்புறம் மட்டும் விழுந்த படத்தையும், "பாவம், அதுவும் பறக்கத்தானே செய்யுது," என்று வைத்துக்கொள்வார். அதனால் ஞாயிறு மத்தியானம் அவருடைய மெமரி கார்டு கண்ணாடிக்காரரிடம் வந்துவிடும். இவர் கார்டிலேயே நேரடியாகக் கழித்துத் தள்ளிவிட்டு, மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டோடு திருப்பிக் கொடுப்பார். சகலை அதில் என்ன போயிற்று என்று கேட்டதே கிடையாது. "அண்ணே மங்கல்னு சொன்னா மங்கல்தான்," என்பது அவருக்கு வேதவாக்கு.

நூலகத்துக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வருடத்தில் நாலு நாள் வாய்க்கிற மாதிரி ஒரு காலை. காற்றும் வெயிலும் முதுகுப் பக்கம். பறவை காற்றை எதிர்த்துத்தான் பறக்கும் என்பதால் ஒவ்வொரு ஆலாவும் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணாடிக்காரர் பாறை முனையில் கால் ஊன்றி நின்றார். பக்கத்தில் சகலை, ஒன்பதாவது மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாணத் தரகரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஆலா தண்ணீரில் செங்குத்தாக விழுந்து மீனோடு எழும்பியது. கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று பதினோரு வருட அனுபவத்துக்குத் தெரியும். விடாமல் அழுத்தினால் கேமரா தொண்டைவரை நிரம்பி, எழுதி முடிக்கிறவரை நாலைந்து விநாடி அசையாது. புதிதாக வருகிற எல்லாருக்கும் அவர் சொல்கிற முதல் பாடமே அதுதான். ஆனால் பக்கத்தில் சகலை கேமராவைத் தூக்குவது கடைக்கண்ணில் தெரிந்தது. அவருக்கு முந்திவிடவேண்டும் என்ற வெறியில் விரல் எழும்பவில்லை.

கேமரா நின்றுவிட்டது. அந்த நாலு விநாடியில், இருபதடி தூரத்தில், இன்னொரு ஆலா கீழிருந்து எழும்பி வந்தது. மேலிருந்தது குனிந்தது. மீன் கைமாறியது. கண்ணாடிக்காரர் செத்த கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெறும் கண்ணால் நாலாவது தடவையாகப் பார்த்தார். பக்கத்தில் சடசடவென்று ஆறேழு தடவை சத்தம் கேட்டது.

"ரெண்டும் என்னமோ குடுத்து வாங்கிச்சுண்ணே. அமுக்கி வச்சேன்," என்றார் சகலை. "அப்புறம் அந்தத் தரகர் என்ன பண்ணார் தெரியுமா?"

மத்தியானம் பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக்காரர் சகலையின் கார்டைக் கழிக்க ஆரம்பித்தார். பின்புறம், பின்புறம், பாதிச் சிறகு, வானம். அறுநூற்றுப் பதினாலாவது படத்தில் கை நின்றது.

மேலே ஒன்று, கீழே ஒன்று. மீனின் தலை ஒரு அலகில், வால் இன்னொரு அலகில். நாலு சிறகும் முழுசாக விரிந்து சட்டத்துக்குள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கறுப்புத் தொப்பிக்குள்ளும் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. மீனின் கண்கூடத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு குறை தேடினார். கால் மணி நேரம் தேடினார். ஒன்றும் இல்லை.

வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சுட்டது. ஏழு வருடம். குளிரிலும் உப்புக் காற்றிலும் நின்று, முட்டி தேய்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே மனைவிக்குத் தராமல் நின்ற ஏழு வருடம். இந்த மனுஷன் தரகர் கதை சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டுப் போகிறார். எடுத்தது என்ன என்றுகூட அவருக்குத் தெரியாது. புதன்கிழமை இதைக் கொடுத்தால் வாசல் சுவரில்தான் ஏறும். அதைத் தாண்டித்தான் கழிப்பறைத் தாழ்வாரத்துக்குப் போகவேண்டும்.

அழிக்கிற பொத்தானைத் தட்டினார். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றார். மிச்சமிருந்த கழிவையும் அதே வேகத்தில் தள்ளினார். பன்னிரண்டு படம் மிஞ்சியது.

சாயங்காலம் சகலை குடும்பத்தோடு டீக்கு வந்தார். அக்காவும் தங்கையும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கழிச்சாச்சாண்ணே?"

"ஆச்சு. பன்னெண்டு தேறுச்சு."

"அந்த ரெண்டும் குடுத்து வாங்கிச்சே, அது?"

"மங்கல்," என்றார் கண்ணாடிக்காரர். கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மங்கலா?"

"ரெண்டும் மங்கல். கழிச்சுட்டேன்."

சகலை, "அப்படியா," என்றார். கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று இரண்டாவது டீ கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்னாச்சு அத்தான் இவருக்கு?" என்று மச்சினி கேட்டாள். கண்ணாடிக்காரர் தெரியாது என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவருக்கு வேலை ஓடவில்லை. பிரேம் சட்டம் இல்லாத கண்ணாடி ஒன்றுக்குத் துளை போடும்போது லென்ஸில் விரிசல் விழுந்துவிட்டது. முப்பது வருடத்தில் இது மூன்றாவது. அழித்த படம் உடனே போய்விடாது என்பது அவருக்குத் தெரியும். வீட்டு வாசலில் கதவிலக்கத்தை மட்டும் அழிக்கிற மாதிரிதான் அது, குடியிருப்பவர் உள்ளேயேதான் இருப்பார்; புதுக் குடித்தனம் வந்தால்தான் வெளியேறுவார். சகலை அந்தக் கார்டில் புதிதாகப் படம் எடுக்காதவரை அதை மீட்டுவிடலாம். எடுக்க எடுக்க, எந்தப் படம் அதன்மேல் வந்து உட்காரும் என்று சொல்லமுடியாது. சகலையோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிப் புறாவைக்கூட விடாதவர். கண்ணாடிக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதுவும் தெரியவில்லை. படம் எடுக்கட்டும், அழியட்டும், பீடை ஒழியட்டும் என்றும் ஒரு மனது சொன்னது.

பதினோரு மணிக்குக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சகலையே வந்தார். வேலை உடுப்பில் இருந்தார், ஆனால் கையில் கிரீஸ் இல்லை.

"அண்ணே, என் கண்ணைக் கொஞ்சம் பாருங்க."

"கண்ணுக்கு என்ன?"

"பாருங்க, அப்புறம் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த உடம்புக்கு நாற்காலி முனகியது. ஒரு கண்ணை மறைத்து, எதிர்ச்சுவர் அட்டையைப் படிக்கச் சொன்னார். சகலை மேலிருந்து கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் படித்தார். அதோடு நிற்காமல், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். கண்ணாடிக்காரருக்கே அங்கே எழுத்து இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும். மற்றக் கண்ணும் அப்படியே.

"ஒரு குறையும் இல்ல சகலை. நூறு வருஷத்துக்குத் தாங்கும்."

"அப்ப ஏன்ணே அது எனக்கு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது?"

கண்ணாடிக்காரர் கண் மறைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"பாறை மேலயே பாத்துட்டேன்ணே," என்றார் சகலை. "என் தொப்பியைக் கவுத்து நிழல் பண்ணிக்கிட்டு கேமராத் திரையில பாத்தேன். கண்ணு, மீனு, எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. உங்ககிட்ட அங்க சொல்லல. நீங்களா பாத்து, நல்லாருக்குன்னு சொல்லணும்னு ஒரு ஆசை. ஒரு வருஷமா நீங்க ஒரு படத்தையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. பாத்தா, மங்கல்னுட்டீங்க. அண்ணன் மங்கல்னா மங்கல்தான். அப்ப எனக்குக் கண்ணு போச்சுன்னுதானே அர்த்தம்? மேல இருந்து கீழ வரைக்கும் லிஃப்ட் கம்பிக் கயித்துல ஒரு இழை அறுந்திருந்தாலும் நான்தான் பாத்துச் சொல்லணும். காலைல சூப்பர்வைசர்கிட்ட, இனி கயிறு பாக்கற வேலை வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ராத்திரி உங்க மச்சினிகிட்டகூடச் சொல்லல."

கடையில் லென்ஸ் ராவுகிற இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் போய் அதை நிறுத்தினார்.

"படம் மங்கல் இல்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியாம அழிஞ்சுபோச்சாண்ணே?"

பாவி மனுஷன், தப்பிக்க ஒரு கதவையும் திறந்து வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கண்ணாடிக்காரர் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்ல. தெரிஞ்சுதான் அழிச்சேன்."

"ஏன்ணே?"

"ஏழு வருஷமா நிக்கறேன் சகலை. நீங்க நேத்து வந்து, கதை பேசிக்கிட்டே எடுத்துட்டுப் போறீங்க. தாங்கல. அதான்."

சகலை நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அடித்துவிடுவாரோ என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்வதென்று நின்றார். சகலை கடை வாசல்வரை போய், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ச்சாரியில் ஒரு பெண் குடையைத் திறப்பதற்குப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் திறந்து முடிக்கிறவரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஒரு ராத்திரி பூரா என்னைக் குருடனாக்கிட்டீங்களேண்ணே."

கண்ணாடிக்காரர் கேட்கவேண்டியதைக் கேட்டார்: "அந்தக் கார்டுல எதாவது எடுத்தீங்களா?"

"எங்க எடுக்கறது? நேத்துல இருந்து கேமராவைத் தொடவே இல்ல. ஆசையே விட்டுப்போச்சு."

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் சகலை வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரரின் பின்னறைக்கு வந்தார்கள். இரண்டு பேரையும் வேலை நேரத்தில் ஒன்றாகப் பார்த்த மனைவி யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பதறினாள். "ஒண்ணுமில்ல, போ," என்று கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தினார்.

அழித்ததை மீட்கிற மென்பொருளுக்குத் தராதரம் தெரியாது. கழித்த ஆயிரத்தையும் வரிசையாகக் கொண்டுவந்து கொட்டியது. ஒவ்வொரு பின்புறமாகத் திரையில் எழுந்து வந்தது. கோபத்தில் உர்ரென்று உட்கார்ந்திருந்த சகலையால் பத்து நிமிடத்துக்குமேல் தாங்கமுடியவில்லை.

"அடடே, இதை ஏன்ணே கழிச்சீங்க? வால் எவ்வளவு அழகா இருக்கு!"

கண்ணாடிக்காரர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுநூறு. அறுநூற்றுப் பத்து. பாதிப் படம் சாம்பலாகிப்போய் வருவதும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அப்படி வந்தால் தன்னால் இந்த மனிதரின் முகத்தில் இனி விழிக்கமுடியாது. அப்படி வந்தால் நிம்மதி என்றும் உள்ளே ஒரு மூலை முணுமுணுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த மூலை வாயை மூடவில்லை.

அறுநூற்றுப் பதினாலு முழுசாக வந்தது.

சகலை திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சொல்லுங்கண்ணே."

நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை. கடையில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அதே வாய்தான். இந்த வார்த்தை வரமாட்டேன் என்றது. கண் தன் பாட்டுக்குச் சிறகு நுனிக்குப் போனது, வாலுக்குப் போனது, கறுப்புத் தொப்பிக்குள் போய்த் தேடியது. நேற்று இல்லாத குறை இன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கமா வெட்கமா என்றால் இரண்டும் இல்லை, சுத்தமான பொறாமை.

"இத நான் எடுத்திருக்கணும்," என்றார். "இது என் படமா இருந்திருக்கணும் சகலை. சாகுற வரைக்கும் எனக்கு இது எரியும்."

சகலை இமைக்காமல் அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, தன் படத்தைப் பார்த்தார்.

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்.